மெட்ஸ் வழியாகத்தான் லிவர்பூல்

காற்பந்து: வாசகர் கேள்வி – பதில்

சென்ற இதழில் செனகல் ஆட்டக்காரர் சாடியோ மானே பற்றி அரைப்பக்கக் குறிப்பு வெளியிட்டிருந்தோம். அதற்குப் பிறகு சுங்கை சிப்புட் பட்டணத்திலிருந்தும் சுற்றுத் தோட்டங்களிலிருந்தும் நிறைய கடிதங்கள். பெரும்பாலானவை செனகல் தாக்குதல் ஆட்டக்காரர்களைப் பற்றியும், அவர்களைப் போல வெளிநாடு போக நினைக்கும் நம் பிள்ளைகளைப் பற்றியும். அவசரமான கேள்வியை முதலில் எடுத்துக்கொள்கிறோம்.

கேள்வி: என் மகனுக்கு 15 வயது, மூன்றாம் படிவம். மாவட்டத்துக்கு ஆடுகிறான். ஒருவர் வீட்டுக்கு வந்து, 18,000 வெள்ளி (ரிங்கிட்) கட்டினால் ஐரோப்பாவில் மூன்று வாரம் தேர்வுப் பயிற்சி, தேறினால் கிளப்பில் ஒப்பந்தம் என்கிறார். “மானேயும் 15 வயதில்தானே வீட்டை விட்டுப் போனார்” என்று மகனிடம் சொல்லியிருக்கிறார். பையன் சாப்பாடு இல்லாமல் அடம் பிடிக்கிறான். நகையை அடகு வைத்துக் கட்டலாமா?
– ஒரு தாயார், சுங்கை சிப்புட் அருகில் ஒரு தோட்டம்

பதில்: கட்ட வேண்டாம் அம்மா. நகை பெட்டியிலேயே இருக்கட்டும்.

மானே 15 வயதில் வீட்டுக்குச் சொல்லாமல் கிளம்பியது உண்மை. ஆனால் அவர் போனது டாக்காருக்கு, அதாவது சொந்த நாட்டின் தலைநகருக்கு. வீட்டார் தேடிப் பிடித்து பாம்பாலி கிராமத்துக்கே திரும்ப அழைத்து வந்துவிட்டார்கள். பிறகு அவர்கள் சம்மதத்தோடுதான் மறுபடி டாக்கார் போய், ஜெனராசியோன் ஃபூட் என்ற பயிற்சிக்கூடத்தில் சேர்ந்தார். பிரான்சுக்குப் போனது 2011-இல். 1992 ஏப்ரலில் பிறந்தவருக்கு அப்போது 19 வயது. உங்கள் வீட்டுக்கு வந்தவர் கதையின் முதல் பாதியை மட்டும் சொல்லியிருக்கிறார்.

18 வயது வரை காத்திருப்பது சும்மா இல்லை; ஃபிஃபா விதி அது. ஆட்டக்காரர் மாற்ற விதிகளின் 19-ஆம் பிரிவு, 18 வயது நிரம்பாதவரை ஒரு நாட்டுக் கிளப்பிலிருந்து இன்னொரு நாட்டுக் கிளப்புக்குப் பதிவு செய்வதைத் தடுக்கிறது. விலக்குகள் சில உண்டு: பெற்றோர் காற்பந்துக்குச் சம்பந்தமில்லாத காரணத்துக்காக அந்த நாட்டில் குடியேறுவது, ஐரோப்பிய ஒன்றியத்துக்குள் 16 வயதுக்கு மேற்பட்டவர் மாறுவது, எல்லையிலிருந்து 50 கிலோமீட்டருக்குள் வீடு இருப்பது போன்றவை. பேராக்கில் தோட்டத்தில் வாழும் பிள்ளைக்கு இவற்றில் எதுவும் பொருந்தாது. நம் மலேசிய ஆட்டக்காரர் லுக்மான் ஹக்கிம் 2019-இல் பெல்ஜியத்தின் கோர்ட்ரைக் கிளப்போடு கையெழுத்திட்டும், 18 வயது நிரம்பிய பிறகே அங்கே சேர முடிந்தது. ஆகவே உங்கள் மகன் எவ்வளவு அருமையாக ஆடினாலும், மூன்று வாரம் கழித்து ஐரோப்பாவில் எந்தக் கிளப்பும் அவனை முறையாகப் பதிவு செய்ய முடியாது. அவர் விற்பது ஒரு சுற்றுலாப் பயணம். அதற்கு ஒப்பந்தம் என்று பெயர் வைத்திருக்கிறார்.

மறுபடி வந்தால் இப்படிச் செய்யுங்கள். முழுப் பெயரையும் ஃபிஃபா முகவர் உரிம எண்ணையும் எழுதி வாங்குங்கள். 2023 அக்டோபர் முதல் முகவராக வேலை செய்ய ஃபிஃபா உரிமம் கட்டாயம். தேர்வு எழுதித் தேற வேண்டும். உரிமம் பெற்றவர்களின் பட்டியல் ஃபிஃபா இணையத்தளத்தில் இருக்கிறது, பெயரைத் தட்டினால் தெரிந்துவிடும். உரிமம் இருந்தாலும்கூட, முதல் தொழில்முறை ஒப்பந்தம் போடும் வயதுக்கு ஆறு மாதம் இருக்கும்போதுதான் முகவர் வயது குறைந்த ஆட்டக்காரரை அணுகலாம். அதற்கும் பெற்றோரின் எழுத்துப்பூர்வச் சம்மதம் வேண்டும். நேராகப் பையனிடம் பேசி ஆசை காட்டியதே விதிமீறல்தான்.

அடுத்து, அழைக்கும் கிளப்பின் கடிதத்தைக் கேளுங்கள். கடிதத்தில் இருக்கும் தொலைபேசி எண்ணை நம்பாமல், கிளப்பின் சொந்த இணையத்தளத்தில் உள்ள எண்ணுக்கு அழைத்து இளைஞர் பிரிவில் விசாரியுங்கள். மாநிலக் காற்பந்துச் சங்கத்திலும் ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள். ஒரு பிள்ளையை உண்மையிலேயே பார்க்க விரும்பும் கிளப் அவன் பெற்றோரிடம் முன்பணம் கேட்காது. மேற்கு ஆப்பிரிக்காவில் இதே பேச்சை நம்பி நிலத்தை விற்ற குடும்பங்கள் ஏராளம். பாரிஸ் தெருவில் கைவிடப்பட்ட பையன்களுக்காகவே கேமரூன் முன்னாள் ஆட்டக்காரர் ஜான் குளோட் ம்வூமின் 2000-இல் ஃபூட் சொலிடேர் என்ற அமைப்பைத் தொடங்கினார்.

மகனிடம் மானேயின் மீதிக் கதையையும் சொல்லுங்கள். அடுத்த பதிலை அவனே படிக்கட்டும்.

கேள்வி: பாம்பாலியிலிருந்து லிவர்பூல் வரை மானே எந்தெந்தக் கிளப் வழியாகப் போனார், ஒவ்வொரு மாற்றத்துக்கும் என்ன விலை? பெரிய கிளப் எதுவும் முதலிலேயே ஏன் எடுக்கவில்லை?
– பால்மரத் தோட்டத்து இளைஞர் குழு, சுங்கை சிப்புட்

பதில்: ஜெனராசியோன் ஃபூட் 2000-இல் தொடங்கியது. வடகிழக்கு பிரான்சின் மெட்ஸ் கிளப்போடு அதற்கு நீண்டகால உடன்பாடு உண்டு: மெட்ஸ் பணமும் பயிற்சி உதவியும் தரும், தேறும் பிள்ளைகளை முதலில் எடுத்துக்கொள்ளும். இஸ்மாயிலா சார், டியாஃப்ரா சாக்கோ, ஹபீப் டியாலோ எல்லாரும் இந்தப் பாதையில் போனவர்கள்தான். மானேயும் அப்படியே.

மெட்ஸில் தொடக்கம் சரியில்லை. இடுப்புக்கீழ்த் தசைவலியோடு போய்ச் சேர்ந்தவர், முதல் மாதங்களில் ஓடவே முடியாமல் இருந்தார். பிரான்சின் இரண்டாம் நிலை லீக்கில் முதல் ஆட்டம் 2012 ஜனவரியில்தான். அந்தப் பருவ முடிவில் மெட்ஸ் மூன்றாம் நிலைக்கு இறங்கியது. கிளப்புக்குப் பணம் தேவைப்பட்டது. அதே கோடையில் லண்டன் ஒலிம்பிக்கில் மானே செனகலுக்காக நன்றாக ஆடியிருந்தார். ஆகஸ்டு கடைசியில் ஆஸ்திரியாவின் சால்ஸ்பர்க் சுமார் 40 லட்சம் யூரோவுக்கு வாங்கியது.

அவர் வாழ்க்கையில் மிக முக்கியமான மாற்றம் இதுதான் என்பது எங்கள் கருத்து. லிவர்பூலுக்குப் போனதைவிட இது பெரிது. ஆஸ்திரிய லீக்கை உலகம் பெரிதாகப் பார்ப்பதில்லை, ஆனால் அங்கே வாரா வாரம் ஆடக் கிடைத்தது. பயிற்றுநர் ரோஜர் ஷ்மிட் பந்தை இழந்த கணமே எதிரியை நெருக்கும் ஆட்டத்தைக் கற்றுக்கொடுத்தார். இரண்டு பருவத்துக்குச் சற்று மேலான காலத்தில் 87 ஆட்டம், 45 கோல். 2014 ஜனவரியில் ஒரு நட்பு ஆட்டத்தில் பெப் குவார்டியோலாவின் பாயர்ன் மூனிக்கை சால்ஸ்பர்க் 3–0 என வென்றபோது, மானேயும் ஒரு கோல் போட்டார். அந்த ஆட்டத்துக்குப் பிறகு அவர் பெயர் எல்லாத் தேர்வாளர் குறிப்பேட்டிலும் ஏறியது.

2014 செப்டம்பர் 1: சவுத்தாம்டன், சுமார் 1 கோடியே 18 லட்சம் பவுண்டு. 2015 மே 16 அன்று ஆஸ்டன் வில்லாவுக்கு எதிராக 2 நிமிடம் 56 வினாடியில் மூன்று கோல். பிரீமியர் லீக்கில் அதற்கு முன்னிருந்த சாதனை 1994-இல் ராபி ஃபவுலர் எடுத்த 4 நிமிடம் 33 வினாடி. 2016-இல் லிவர்பூல், கூடுதல் தொகைகளோடு சேர்த்து 3 கோடியே 40 லட்சம் பவுண்டு வரை. ஆறு பருவங்களில் 269 ஆட்டம், 120 கோல். 2019-இல் சாம்பியன்ஸ் லீக், 2020-இல் பிரீமியர் லீக். 2018–19-இல் 22 கோலுடன் தங்கக் காலணியை சாலா, ஒபாமெயாங் இருவரோடு பகிர்ந்துகொண்டார்.

பிறகு பாயர்ன், 2022 கோடை. அங்கே ஒரே பருவம், 38 ஆட்டம், 12 கோல். நவம்பர் 8-ஆம் தேதி வெர்டர் பிரேமனுக்கு எதிரான ஆட்டத்தில் முழங்காலுக்குக் கீழே வெளிப்புற எலும்பின் தலைப்பகுதியில் அடிபட்டது. உலகக் கிண்ணம் தொடங்கப் பன்னிரண்டு நாள்தான் இருந்தது. ஆஸ்திரியாவின் இன்ஸ்புருக்கில் அறுவை. உலகக் கிண்ணம் போயிற்று. 2023 ஆகஸ்டில் சவூதியின் அல் நாசர்.

பெரிய கிளப் ஏன் முதலிலேயே எடுக்கவில்லை என்ற கேள்விக்கு: 19 வயதில் எடுத்திருந்தால் அவர் இரண்டாம் அணியில் உட்கார்ந்திருப்பார். விலைப் பட்டியலைப் பார்க்காமல் ஆடிய ஆட்டங்களின் எண்ணிக்கையைப் பாருங்கள். ஆஸ்திரியாவிலும் இங்கிலாந்திலும், அடுத்த இடத்துக்குப் போகுமுன் குறைந்தது இரண்டு பருவம் முழுதாக ஆடியிருக்கிறார்.

கேள்வி: எங்கள் தோட்டக் கிளப்பில் 12 வயதிலிருந்து ஆடும் பையன் நாளைக்கு வெளிநாட்டுக் கிளப்புக்கு விலைபோனால் எங்களுக்கும் பங்கு உண்டா? ஆப்பிரிக்கச் சின்னக் கிளப்புகளுக்குப் பணம் வருகிறதாமே?
– தோட்டக் கிளப் செயலாளர்

பதில்: உண்டு ஐயா. இரண்டு வகை, இரண்டும் ஃபிஃபா விதியில் உள்ளவை.

முதலாவது ஒற்றுமைத் தொகை. ஒப்பந்தக் காலத்தில் ஆட்டக்காரர் ஒருவர் நாடு விட்டு நாடு விற்கப்படும் ஒவ்வொரு முறையும், விலையில் 5 விழுக்காடு அவரை 12 முதல் 23 வயது வரை வளர்த்த கிளப்புகளுக்குப் பிரிக்கப்படுகிறது. 12 முதல் 15 வயது வரை ஒவ்வோர் ஆண்டுக்கும் விலையில் 0.25 விழுக்காடு, 16 முதல் 23 வரை ஒவ்வோர் ஆண்டுக்கும் 0.5 விழுக்காடு. கணக்குப் போட்டுப் பாருங்கள்: விலை 1 கோடி வெள்ளி என்றால் 12–15 வயதில் உங்களிடம் நான்கு ஆண்டு ஆடியதற்கு ஒரு லட்சம் வெள்ளி. 17 வயது முடிய இருந்திருந்தால் இன்னொரு லட்சம். விலை இல்லாமல், ஒப்பந்தம் முடிந்து சும்மா போனால் இந்தத் தொகை கிடையாது.

இரண்டாவது பயிற்சி இழப்பீடு. முதன்முறையாகத் தொழில்முறை ஆட்டக்காரராகப் பதிவாகும்போது, வளர்த்த கிளப்புகளுக்குப் புதுக் கிளப் கொடுக்க வேண்டியது. தொகை புதுக் கிளப்பின் தரத்தைப் பொறுத்தது. ஐரோப்பாவில் முதல் தரக் கிளப்புக்கு ஆண்டுக்கு 90,000 யூரோ, இரண்டாம் தரம் 60,000, மூன்றாம் தரம் 30,000. ஆனால் 12–15 வயது ஆண்டுகளுக்கு நான்காம் தர விகிதமான 10,000 யூரோதான் கணக்கு. நான்காம் தரக் கிளப்பில் சேர்ந்தால் இழப்பீடே இல்லை.

இனி எங்கே தவறுகிறது என்பதைச் சொல்கிறோம். பணம் 2022 நவம்பரிலிருந்து ஃபிஃபாவின் தீர்வகம், அதாவது பணத்தை வாங்கிப் பிரித்துக் கொடுக்கும் அமைப்பு வழியாகப் போகிறது. யாருக்கு எவ்வளவு என்பதை மின்னணு ஆட்டக்காரர் கடவுச்சீட்டு, அதாவது எந்தப் பருவத்தில் எந்தக் கிளப்பில் பதிவானார் என்ற குறிப்பு, முடிவு செய்கிறது. அந்தக் கடவுச்சீட்டு, தேசியச் சங்கத்தின் பதிவுகளிலிருந்து உருவாகிறது. தோட்டத் திடலில் பத்து வருடம் பந்து உதைத்தாலும், கிளப் சங்கத்தில் இணையவில்லை, பையன் பெயர் பருவம்தோறும் பதிவாகவில்லை என்றால் அந்த ஆண்டுகள் கணக்கில் வரா. ஆகவே கிளப்பை மாவட்ட, மாநிலச் சங்கத்தோடு முறையாக இணையுங்கள். 12 வயது நிரம்பும் பருவத்திலிருந்தே ஒவ்வொரு பையனையும் பதிவு செய்யுங்கள்.

பெயரை அடையாள அட்டையில் உள்ளபடியே எழுதுங்கள். தகப்பனார் பெயரின் எழுத்துக்கூட்டல் ஒரு பருவத்தில் ஒரு மாதிரி, அடுத்த பருவத்தில் வேறு மாதிரி இருந்தால் இரண்டு ஆட்களாகப் பதிவாகிவிடும். நம் பிள்ளைகளின் பெயர்களில் இது அடிக்கடி நடக்கிறது. சேர்ந்த தேதி, விலகிய தேதி, ஆட்டப் பட்டியல் மூன்றையும் ஒரு கோப்பில் வையுங்கள். செயலாளர் மாறும்போது கோப்பு கைமாறுகிறதா என்று பாருங்கள். கிளப்புக்குத் தனி வங்கிக் கணக்கும் இருக்க வேண்டும். யாராவது ஒருவர் சொந்தக் கணக்குக்கு இந்தப் பணம் வராது.

கேள்வி: 2002 உலகக் கிண்ணத்தில் பிரான்சை வீழ்த்திய செனகல் அணியின் ஆட்டக்காரர் ஒருவர் மலேசியாவில் ஆடினாராமே? கடையில் சொன்னால் யாரும் நம்பவில்லை.
– ஓய்வுபெற்ற தோட்டக் கிராணி

பதில்: தாராளமாகச் சொல்லுங்கள் ஐயா, எல் ஹாஜி டியூஃப் 2015-இல் சபா அணிக்கு ஆடினார். 2001, 2002 இரண்டு ஆண்டும் ஆப்பிரிக்காவின் சிறந்த ஆட்டக்காரர் விருது பெற்றவர், தன் கடைசிக் கிளப்பாகக் கோத்தா கினபாலுவுக்கு வந்தார்.

2002 மே 31, சியோல், 30-ஆவது நிமிடம். இடப்பக்கத்தில் பிரான்சின் தடுப்பாளர் லெபூஃப்பைத் தாண்டி ஓடிக் குறுக்கே தள்ளியது டியூஃப். பிரான்சின் எம்மானுவேல் பெட்டி, கோல் காவலர் பார்த்தேஸ் இருவருக்கும் நடுவே பந்து தடுமாற, விழுந்த நிலையிலேயே கோலுக்குள் தட்டியது பாப்பா பூபா டியோப். டியூஃப் அந்த உலகக் கிண்ணம் முழுதும் ஒரு கோல்கூடப் போடவில்லை. அவர் ஓடி இடத்தைத் திறப்பவர், மற்றவர் போடுவார்கள்.

லிவர்பூல் இதைக் கவனிக்கவில்லை. உலகக் கிண்ணம் தொடங்குமுன்பே சுமார் ஒரு கோடி பவுண்டுக்குப் பேசி முடித்து, 9-ஆம் எண் சட்டை கொடுத்துக் கோல் கேட்டார்கள். 55 லீக் ஆட்டத்தில் 3 கோல். பிறகு போல்டனில் விங்கில் ஆடியபோது நான்கு வருடம் நன்றாகவே இருந்தார். எச்சில் துப்பிய சம்பவங்கள் அவர் பெயரைக் கெடுத்தன, அதை மறைக்க முடியாது. ஆனால் லிவர்பூலில் கோல் வராததற்குக் குணம் காரணமில்லை. தவறான இடத்தில் நிறுத்தப்பட்டார்.

கேள்வி: டெம்பா பா, பாபிஸ் சிசே இருவரும் நியூகாசலில் ஒன்றாக ஆடினார்களே, யார் பெரியவர்? சிசே ஏன் சீக்கிரம் மங்கினார்?
– ஐந்தாம் படிவ மாணவர்

பதில்: தம்பி, அந்த 2011–12 பருவத்தை ஒருமுறை அப்படியே பார். முதல் பாதி முழுக்க நடுவில் பா கோல் மேல் கோல். 2012 ஜனவரியில் ஜெர்மனியின் ஃபிரைபர்க்கிலிருந்து சிசே வந்ததும், நடு இடம் அவருக்கு, பா இடது ஓரத்துக்கு. சிசே 14 லீக் ஆட்டத்தில் 13 கோல். பாவின் கோல்கள் ஏறக்குறைய நின்றுபோயின. பருவம் முடிய 16. அடுத்த பருவம் நிலைமை தலைகீழ்: பா மறுபடி நடுவில், ஜனவரிக்குள் 13 லீக் கோல், சிசே அந்தப் பருவம் முழுவதற்கும் 8. இரண்டு பேருக்கும் ஒரே இடம்தான் தேவைப்பட்டது. யாரை அங்கே நிறுத்தினாலும் மற்றவர் மங்கினார். இதில் திறமைக் குறைவு எதுவும் இல்லை.

சிசேயின் ஒரு கோலை மட்டும் தேடிப் பார்த்துவிடு: 2012 மே 2, செல்சி திடல். தூக்கி எறிந்த பந்தை அமியோபி நெஞ்சில் வாங்கித் தட்டிவிட, பெட்டிக்கு வெளியே இடப்பக்கத்திலிருந்து வலது காலின் வெளிப்புறத்தால் ஒரே உதை. பந்து வெளியே போகிற மாதிரி எழும்பி, செல்சி கோல் காவலர் செக்கின் தலைக்கு மேலே வளைந்து உள்ளே இறங்கியது. பாதத்தை உள்ளே திருப்பி, கணுக்காலை இறுக்கிப் பிடித்து, பந்தின் உட்பக்கத்தை அறுத்தால்தான் அப்படித் திரும்பும். கணுக்கால் தளர்ந்தால் பந்து கொடிக்கம்பத்துக்குப் போகும்.

எங்களுக்குப் பா-வின் பயணம் கூடுதல் மதிப்புடையது. இங்கிலாந்தில் பல தேர்வுகளில் நிராகரிக்கப்பட்டு, 2005-இல் பிரான்சின் கீழ்நிலை லீக்கில் ரூவான் கிளப்பில் தொடங்கியவர். 2006-இல் பெல்ஜியத்தின் மூஸ்க்ரோனில் கால் முறிந்தது; எட்டு மாதம் ஆட்டமில்லை. 2007-இல் ஜெர்மனி இரண்டாம் நிலையில் ஹோஃபென்ஹைம். 2011 ஜனவரியில் ஸ்டோக் கிளப்பின் மருத்துவச் சோதனையில் முழங்காலைக் காட்டித் தள்ளினார்கள். வெஸ்ட் ஹாம் எடுத்தது. அடுத்த கோடையில் நியூகாசலுக்கு விலையில்லாமல் போனவர், ஒப்பந்தத்தில் 70 லட்சம் பவுண்டு விடுவிப்புத் தொகை எழுதி வைத்திருந்தார். 2013 ஜனவரியில் செல்சி அதைக் கட்டியதும் நியூகாசலால் தடுக்க முடியவில்லை. ஒப்பந்தத்தில் அந்த ஒரு வரி இருந்ததால்தான் அவர் நினைத்த நேரத்தில் நகர முடிந்தது.

கேள்வி: ஆப்பிரிக்கக் கிண்ண இறுதியில் பெனால்டி தவறவிட்ட மானே மறுபடி எப்படி உதைத்தார்?
– வாசகி, குவாலா கங்சார்

பதில்: 2022 பிப்ரவரி 6, யாவுண்டே. 7-ஆவது நிமிடத்தில் அவர் பலமாக உதைத்ததை எகிப்தின் காபாஸ்கி தடுத்தார். உதைக்குமுன் எகிப்தின் சாலா தன் கோல் காவலரிடம் போய்ப் பேசியதை எல்லாரும் பார்த்தார்கள். லிவர்பூலில் ஏறக்குறைய ஐந்து வருடம் கூட ஆடியவருக்கு மானே எங்கே அடிப்பார் என்று தெரியும். 120 நிமிடம் கோலில்லை. பெனால்டி சுற்றில் எகிப்தின் லாஷினின் உதையைச் செனகல் கோல் காவலர் மெண்டி தடுத்த பிறகு மானே வந்தார், பலத்தைக் குறைக்கவே இல்லை, 4–2. செனகலின் முதல் ஆப்பிரிக்கக் கிண்ணம் அது. மார்ச் 29-இல் உலகக் கிண்ணத் தகுதி ஆட்டத்திலும் அதே எகிப்துக்கு எதிராக வெற்றிப் பெனால்டியை அவரே போட்டார்.

கேள்வி: லிவர்பூலில் மானே செய்த நெருக்குதலை 15 வயதுப் பையன்களுக்கு எப்படிப் பழக்குவது? எங்களிடம் தோட்டத் திடலில் பாதிதான் இருக்கிறது.
– பள்ளிப் பயிற்றுநர், சுங்கை சிப்புட்

பதில்: பாதித் திடல் போதும் சார். மானேயும் சாலாவும் எதிரணியின் நடுத் தடுப்பாளரை நோக்கி நேராக ஓடவில்லை. வெளிப்பக்கத்திலிருந்து உள்ளே வளைந்து ஓடினார்கள். அதனால் ஓரத் தடுப்பாளருக்குப் போகும் வழி அவர்கள் முதுகுக்குப் பின்னால் அடைபட்டது. பந்து நடுவுக்குத்தான் போக முடிந்தது. நடுவில் மூன்று பேர் காத்திருந்தார்கள்.

கோலுக்கு முன் 30 மீட்டர் அகலம், 25 மீட்டர் நீளம் குறியுங்கள். கோல் காவலர், ஒரு நடுத் தடுப்பாளர், ஓரக்கோட்டில் ஓர் ஓரத் தடுப்பாளர். தாக்குபவர் 12 மீட்டர் தள்ளி, ஓரத்துப் பக்கமாக நிற்கட்டும். பந்து கோல் காவலரின் காலை விட்டுக் கிளம்பும்போதே அவர் கிளம்ப வேண்டும். போய்ச் சேர்ந்த பிறகு கிளம்பினால் வீண். முதல் 8–9 மீட்டர் முழு வேகம். கடைசி 3 மீட்டர் சின்ன அடிகள், உடம்பு பக்கவாட்டில். நடுவில் இன்னொரு பையன் காத்திருக்கட்டும். 6 வினாடிக்குள் பந்தைப் பிடித்தால் ஒரு புள்ளி, ஓரத் தடுப்பாளருக்குப் போய்விட்டால் எதிரணிக்கு ஒரு புள்ளி. 6 ஓட்டம் ஒரு சுற்று. ஓட்டத்துக்கு ஓட்டம் 40 வினாடி, சுற்றுக்குச் சுற்று 3 நிமிடம் ஓய்வு. மூன்று சுற்று, வாரம் இருமுறை, ஆட்டத்துக்கு முந்திய நாள் வேண்டாம்.

இரண்டு தவறு உடனே தெரியும். முழு வேகத்திலேயே போய் விழுவார்கள், தடுப்பாளர் ஒரு தட்டுத் தட்டித் தாண்டிவிடுவார். கடைசி 3 மீட்டரைத் தனியாக நடத்தியே பழக்குங்கள். இன்னொன்று, முன்னவர் மட்டும் ஓட நடுவில் இருப்பவர் வேடிக்கை பார்ப்பது. இருவரும் ஒரே நேரத்தில் நகரும் வரை புள்ளி கொடுக்காதீர்கள்.

மாலை ஐந்தரைக்கு மேல் வையுங்கள், 15 நிமிடத்துக்கு ஒருமுறை தண்ணீர். மழை விட்ட தோட்டத் திடலில் குழிகளை முதலில் நடந்து பார்த்துவிடுங்கள். சட்டென்று நிற்கும் பயிற்சி என்பதால் கணுக்கால் பிசகுவது அங்கேதான். தரை காய்ந்து இறுகிய மாதங்களில் இரும்புக் குமிழ்க் காலணி வேண்டாம், வார்ப்புக் குமிழ் போதும்.